பின்னியவரும் அமர்ந்தவரும்: பிரம்புக் கதிரையின் சுவிஸ் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மே மாதத்தில் வெயில் முகம் காட்டியதும் சுவிஸ் நகரங்களின் உணவகங்கள் தமது கதிரைகளை வெளியே எடுத்துப் பரப்பத் தொடங்கிவிடுகின்றன. சூரிச்சில் லிம்மாற் ஆற்றங்கரையிலும், பேர்ண் நகரின் பழைய வீதிகளிலும், லுசேர்ன் ஏரியோர ஹொட்டேல் முற்றங்களிலும் வரிசை வரிசையாக நிற்கும் இக்கதிரைகளில் கணிசமானவை பின்னப்பட்டவை. சில அசல் பிரம்பு. பல, பிரம்பைப்போல் தோற்றம் காட்டும் பிளாஸ்ரிக் இழை. உல்லாசப் பயணிக்கு இந்தப் பின்னல் ஓய்வின் அடையாளம். எம்மவரில் பெரும்பாலானோர் இக்கதிரையை அறிந்துகொண்டது வேறொரு பக்கமிருந்து.

1980களில் இந்நாட்டுக்கு வந்து தஞ்சம் கோரிய தமிழருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் பெரும்பகுதி உணவகச் சமையலறைகளிலும் ஹொட்டேல்களிலுமே இருந்தது. கோப்பை கழுவி முடிந்த பின், கதிரைகளைத் தலைகீழாக மேசைமீது கவிழ்த்து வைத்துவிட்டு நிலம் துடைப்பது இரவின் கடைசி வேலை. அப்படிக் கவிழ்க்கும்போதுதான் கதிரையின் அடிப்பக்கம் கண்ணில் படும். சட்டத்தில் வரிசையாய்ப் போட்ட சிறு துளைகள், அவற்றில் செருகி இறுக்கிய பிரம்பு முனைகள், முடிச்சுகள். யாரோ ஒருவர் மணிக்கணக்கில் குனிந்திருந்து செய்த வேலை அது. தளபாடங்களைப் பற்றிய அழகிய நூல்கள் ஐரோப்பிய மொழிகளில் ஏராளம் உண்டு. அவை கதிரையை வரைந்தவரின் பெயரையும், தயாரித்த தொழிற்சாலையின் பெயரையும், ஆண்டையும் தவறாமல் சொல்கின்றன. பின்னியவரைப் பற்றி அனேகமாக எதுவும் சொல்வதில்லை. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து இவ்வரலாற்றைப் பார்க்க முயல்கிறோம்.

'கதிரை' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டவர் நாற்காலி என்கின்றனர். நாம் கதிரை என்கிறோம். இது போர்த்துக்கேயரின் 'கடெய்ரா'. மேசை, அலுமாரி, வாங்கு ஆகியவையும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களே. 1619ல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658ல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அதற்கு முன்னர் எம்மவர் அமராமல் இருந்தார்கள் என்பதல்ல. பாய் இருந்தது, திண்ணை இருந்தது, பலகை இருந்தது, நார்க்கட்டில் இருந்தது. ஆனால் முதுகுசாய்ந்து, கால் நிலத்தில் ஊன்றி, எதிரில் நிற்பவனை நிற்கவைத்தே பேசுவதற்கான அந்த இருக்கை, ஆட்சியோடு கூடவே வந்தது. அதிகாரி இருப்பார், மற்றவர் நிற்பர். சொல்லோடு இந்த ஒழுங்கும் எமது வீடுகளுக்குள் புகுந்தது.

சொல் மேற்கிலிருந்து கிழக்கே வந்தபோது, பொருள் கிழக்கிலிருந்து மேற்கே போயிற்று. பிரம்பு ஐரோப்பாவில் விளைவதில்லை. அது முள் நிறைந்த ஏறு கொடி. ஆனால் தாவரவியல்படி பனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எமது பனைக்கும் தென்னைக்கும் அது ஒன்றுவிட்ட உறவு. தென்னிந்தியாவிலும் இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் பிரம்பு உண்டு. எனினும் உலகச் சந்தைக்குப் போன பிரம்பில் பெரும்பகுதி மலாய்த் தீவுக்கூட்டத்துக் காடுகளில் வெட்டப்பட்டதாகும். 17ம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கொம்பனிகளின் கப்பல்கள் அதனை ஏற்றிச்சென்றன. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் பிரம்பு பின்னிய கதிரைகள் பரவலாகின.

அதே காலத்தில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் கொம்பனி உத்தியோகத்தருக்காகக் கருங்காலியில் செதுக்கிப் பிரம்பால் ஆசனம் பின்னிய கதிரைகள் செய்யப்பட்டன. மெத்தை வைத்த ஐரோப்பியக் கதிரையில் எமது வெக்கையில் இருக்க முடியாது. பிரம்பின் துளைகளூடாகக் காற்று வரும். ஒல்லாந்தர் காலக் கதிரைகள் என்று இன்று நூதனசாலைகளில் மதிப்போடு காட்டப்படுபவை இவையே. வடிவம் ஐரோப்பியருடையது. மரமும் உளியும் பின்னிய விரல்களும் இந்தக் கரையினருடையவை. பின்னர் பிரித்தானியர் காலத்தில் தோட்டத்துரைமாரின் பங்களாக்களில் நீண்ட கைகளோடு கிடந்த சாய்மனைக் கதிரையும் இவ்வாறே பின்னப்பட்டது. யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் பென்சன் எடுத்த பாட்டன்மார் பத்திரிகை வாசித்தது அந்தத் துரையின் கதிரையில்தான்.

பிரம்புக் கதிரை பிரபுக்களின் வீட்டிலிருந்து கோப்பிக் கடைக்கு இறங்கியது 19ம் நூற்றாண்டில். அதனைச் செய்தவர் வியன்னாவில் தொழில் நடத்திய மிக்கேல் தொனெற். பீச் மரக்கம்புகளை நீராவியில் வேகவைத்து வளைக்கும் முறையை அவர் திருத்தமாக்கினார். 1859ல் வெளிவந்த அவரது 14ம் இலக்கக் கதிரையில் மரத்துண்டுகள் ஆறு, திருகாணிகள் பத்து, சுரைகள் இரண்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கனமீற்றர் பெட்டியில் 36 கதிரைகள் அடங்கும். 1930 வரையில் 5 கோடிக் கதிரைகள் விற்பனையாகின என்று கணக்கிடப்படுகிறது. இதன் ஆசனம் பிரம்பு. கதிரையைத் தூக்குவது பரிசாரகருக்கு இலகு. ஊற்றுப்பட்ட கோப்பியும் பியரும் துளைகளூடாக வழிந்துவிடும். துடைத்தால் போதும். உணவகத்துக்கு இதைவிட உகந்த ஆசனம் அன்று இருக்கவில்லை.

இந்தப் பின்னலை ஐரோப்பாவில் இன்றும் வியன்னாப் பின்னல் என்றே அழைக்கின்றனர். பிரம்பின் மேற்தோலைக் கீறி எடுத்த மெல்லிய நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் உலருமுன் பின்னவேண்டும். நெடுக்கில் இரண்டு தரம், குறுக்கில் இரண்டு தரம், மூலைவாட்டில் இரண்டு தரம், பின் துளைகளை மறைக்கும் விளிம்புக் கட்டு என ஏழு படிகள். சரியாகப் பின்னினால் எண்கோணக் கண்கள் விழும். காய்ந்ததும் நார் சுருங்கி இறுகும். பழகிய கைக்கும் ஓர் ஆசனம் ஒரு முழுநாள் வேலை. தொனெற்றின் தொழிற்சாலைகள் மொறாவியாவின் காட்டுப் பகுதிகளுக்குப் போனதற்குப் பீச் மரம் மட்டும் காரணமல்ல, மலிவான உழைப்பும் காரணம். ஆசனம் பின்னியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பலர் வீட்டில் இருந்தே பின்னினர். கோடிக்கணக்கான கதிரை என்பது கோடிக்கணக்கான மனித நாட்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுவிஸ் நாடு உல்லாசப் பயணத்தின் நாடாக மாறியதும் இதே காலத்தில்தான். சூரிச்சில் பௌர் ஹொட்டேல் 1838ல் திறக்கப்பட்டது. லுசேர்னில் சுவைற்சர்ஹோவ் 1845ல் வந்தது. 1863ல் தோமஸ் குக் தனது முதலாவது சுவிஸ் சுற்றுலாக் குழுவை அழைத்துவந்தார். 1871ல் றிகி மலைக்குப் பற்சக்கர ரயில் ஏறியது. மலைகள்தோறும் ஹொட்டேல்கள் எழுந்தன. அவற்றுக்கெல்லாம் கதிரைகள் வேண்டியிருந்தன. வெளிநாட்டுக் கதிரைகளோடு போட்டியிட இங்கும் தொழில் பிறந்தது. 1880ல் சூரிச் ஏரிக்கரையில் உள்ள ஹோர்கன் என்னும் ஊரில் தொடங்கி, பின்னர் கிளாறுசுக்கும் விரிந்த ஹோர்கன்கிளாறுஸ் தொழிலகம் சுவிஸ் உணவகங்களுக்குரிய கதிரையை உருவாக்கியது. இன்றும் அது இயங்குகிறது.

மலைகளுக்கு இன்னொரு கூட்டமும் வந்தது. அவர்கள் சயரோக நோயாளர். மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், தாவோஸ் போன்ற இடங்களில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பல்கணியில் குளிர்காற்றில் படுத்திருப்பதே சிகிச்சை. 1889ல் கார்ல் ரூபான் தாவோசில் சனற்றோரியம் திறந்து இதனை ஒழுங்குமுறையாக்கினார். மரத்தாலும் பிரம்பாலும் செய்த சாய்மனைக் கதிரைகள் அங்கு வரிசையாகக் கிடந்தன. துணி மெத்தையில் தூசியும் கிருமியும் தங்கும், பின்னல் ஆசனத்தைக் கழுவலாம் என்ற சுகாதாரச் சிந்தனை பிரம்புக்குப் புதிய மதிப்பைக் கொடுத்தது. வெப்பவலயத்துத் துரை வெக்கையைத் தாங்கக் கண்ட கதிரை, இங்கே பனியில் நோயைத் தாங்கும் கதிரை ஆயிற்று. 1924ல் வெளிவந்த தோமஸ் மானின் 'மாய மலை' நாவல் நடப்பது இந்தத் தாவோசில்தான்.

சுவிஸில் பின்னியவர் யார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். தொழிற்சாலைத் தொழிலாளர் ஒரு பகுதி. பார்வையற்றோருக்கான இல்லங்கள் இன்னொரு பகுதி. விரல்களால் தடவிக் கணக்கெடுத்துச் செய்யக்கூடிய வேலை என்பதால் ஐரோப்பா எங்கும் பார்வையற்றோருக்குக் கதிரை பின்னும் தொழில் பழக்கப்பட்டது. இலங்கையிலும் அப்படித்தான். மூன்றாவது பகுதியினர் யெனிஷ் மக்கள்.

யெனிஷ் என்போர் இந்நாட்டின் நாடோடி மக்கள். கூடை முடைவது, கதிரை பின்னுவது, கத்தி சாணை பிடிப்பது, குடை திருத்துவது என ஊர் ஊராகச் சென்று பிழைத்தவர்கள். எந்த ஊரும் இவர்களைத் தன் குடியாக ஏற்கவில்லை. 1850ல் கூட்டாட்சி அரசு 'ஊரற்றோர்' தொடர்பாக ஒரு சட்டம் இயற்றி இவர்களை ஊர்களில் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தியது. பதிவு கிடைத்தது, மதிப்புக் கிடைக்கவில்லை. 1926ல் புறோ யுவென்ரூற்றே என்னும் சிறுவர் நல நிறுவனம் 'தெருவோரப் பிள்ளைகளுக்கான உதவி' என்ற பெயரில் ஒரு வேலைத்திட்டத்தை ஆரம்பித்தது. நாடோடி வாழ்வை ஒழிப்பதற்காகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களிலும் விடுதிகளிலும் விடப்பட்டனர். சிலர் மனநோய் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும்கூட அடைக்கப்பட்டனர். இத்திட்டத்தின் மூலம் மட்டும் ஏறக்குறைய 600 பிள்ளைகள் பறிக்கப்பட்டனர். 1972ல் 'பெயொபாக்ரர்' சஞ்சிகை இதனை வெளிக்கொணர்ந்தது. 1973ல் திட்டம் கைவிடப்பட்டது. 1986ல் நாட்டின் தலைவர் அல்போன்ஸ் எக்லி மன்னிப்புக் கேட்டார். 2025 பெப்ரவரியில் கூட்டாட்சி அரசு இதனை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என ஏற்றுக்கொண்டது.

1986 என்பது எம்மவர் பலர் இந்நாட்டின் அகதி முகாம்களில் பதில் கடிதத்துக்குக் காத்திருந்த காலம். அதே ஆண்டில் இந்த அரசு தனது சொந்த ஊரற்றோரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுவாசலில் வந்து நின்று, உடைந்த கதிரையை வாங்கிப் பின்னிக் கொடுத்துவிட்டுப் போனவளின் பிள்ளைதான் பறிக்கப்பட்டது. பின்னலை விரும்பியவர்கள் பின்னியவளை விரும்பவில்லை.

இதனைச் சுவிஸ்காரரின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டுப் போவது இலகு. எமது பக்கத்தையும் பார்க்கவேண்டும். கூடை முடைவதைத் தொழிலாகக் கொண்ட குறவர் சமூகத்தினரைப் பிரித்தானியர் குற்றப்பரம்பரையாக்கினர். 1871ல் வட இந்தியாவில் வந்த அந்தச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. சட்டம் வெள்ளையருடையது. ஆனால் குறவரை வாசலோடு நிறுத்தும் வழக்கம் எம்மிடம் முன்பே இருந்தது.

யாழ்ப்பாணத்திலோ யார் கதிரையில் இருக்கலாம் என்பதே ஒரு போராட்டமாக இருந்தது. பாடசாலைகளில் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1930ஐ அண்டிய ஆண்டுகளில் அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது, பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு வாங்கில் பக்கத்தில் இருப்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திய சமூகம் எமது சமூகம். தேநீர்க் கடைகளிலும் இதே கதைதான். காசு கொடுத்தாலும் உள்ளே ஆசனம் இல்லை; வெளியில் நின்று வேறு பாத்திரத்தில் குடிக்கவேண்டும். 1950களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காகப் போராடியது. 1957ல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் 1960களின் இறுதிவரை கடைகளின் வாசலில் போராட்டம் தொடர்ந்தது. உணவகத்துக் கதிரையின் வரலாற்றை எம்மவர் எழுதுவதென்றால் இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

மீண்டும் சுவிசுக்கு வருவோம். 20ம் நூற்றாண்டில் இங்குள்ளவர்கள் பிரம்புக்குப் பதில் தேடத் தொடங்கினர். பிரம்பு மழையில் நனைந்தால் தளரும், பூஞ்சணம் பிடிக்கும். 1939ம் ஆண்டு சூரிச் தேசியக் கண்காட்சிக்காக ஹான்ஸ் கொறாய் வரைந்த அலுமினியக் கதிரை, பின்னலைக் கைவிட்டுத் துளைகளை மட்டும் வைத்துக்கொண்டது. 1948 அளவில் ஹுல்றைக் அல்ரோவர் வடிவமைத்து, றூற்றி என்னும் ஊரின் எம்புறு தொழிற்சாலை செய்த தோட்டக் கதிரை இரும்புக் குழாயில் பிளாஸ்ரிக் இழைகளை இழுத்துக் கட்டியது. ஸ்பகெற்றிக் கதிரை என்று செல்லமாக அழைக்கப்படும் இது, உணவக முற்றங்களிலும் நீச்சல் தடாகங்களின் ஓரத்திலும் இன்றும் காணக்கிடைக்கிறது. ஊர்ச் சலூன்களில் கிடந்த வயர்க் கதிரையை நினைவுபடுத்துவதால் எம்மவர் இதனைக் கண்டதும் சிரித்துக்கொள்வதுண்டு. இங்கே அது வடிவமைப்பாளரின் பெயரோடு நூதனசாலைக்குரியது. அங்கே அது பெயரற்றது.

பெயர் யாருக்கு என்ற இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது சண்டிகாரில். ஜெனீவாவில் 1896ல் பிறந்த கட்டடக்கலைஞர் பியேர் ஜனரே, தனது ஒன்றுவிட்ட சகோதரர் லு கொர்புசியேயுடன் சேர்ந்து, இந்தியப் பஞ்சாபின் புதிய தலைநகரை அமைக்க 1951ல் அங்கு சென்றார். லு கொர்புசியே வந்துபோய்க்கொண்டிருந்தார். ஜனரே 1965 வரை அங்கேயே தங்கினார். எழுதுவினைஞரும் மாணவரும் நீதிபதிகளும் இருப்பதற்காக, தேக்கு மரச் சட்டத்தில் பிரம்பு பின்னிய கதிரைகள் அவரது மேற்பார்வையில் உள்ளூர்த் தச்சரால் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அவர் 1967ல் ஜெனீவாவில் இறந்தபோது, அவரது விருப்பப்படி சாம்பல் சண்டிகாரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

கதிரைகள் பழசாகின. பிரம்பு அறுந்தவை கூரைகளிலும் கொல்லைகளிலும் குவிக்கப்பட்டு, கழிவுப் பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டன. ஐரோப்பிய வியாபாரிகள் அவற்றை வாங்கி, புதிதாய்ப் பின்னி, பாரிசிலும் நியூயோர்க்கிலும் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்றனர். 2011ல் இந்திய அரசு இவற்றின் விற்பனையையும் ஏற்றுமதியையும் தடைசெய்யுமாறு பணித்தது. 2019ல் இத்தாலிய நிறுவனமான கசீனா ஜனரேக்கு மரியாதை என்று கூறி இதே வடிவங்களை வெளியிட்டது. இன்று நவநாகரிக உணவகங்களிலும் ஹொட்டேல் வரவேற்புக் கூடங்களிலும் இவற்றின் நகல்களைக் காணலாம். ஏலப் பட்டியல்களில் ஜனரேயின் பெயர் உண்டு. பின்னிய பஞ்சாபியின் பெயர் இல்லை. ஜனரேயைக் குறைசொல்ல இதனை எழுதவில்லை. சாம்பலைக்கூட அந்த மண்ணுக்குக் கொடுத்த மனிதர் அவர். கணக்கெழுதியவர்கள் ஒரு பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறார்கள் என்பதையே சொல்கிறோம்.

இன்றைய ஹொட்டேல் முற்றங்களில் பெரும்பாலும் இருப்பது பொலித்தீன் இழை. மழைக்கும் வெயிலுக்கும் அது அசையாது. ஆனால் வளைவான கதிரையைப் பின்ன இன்னும் மனித விரல்களே தேவைப்படுகின்றன. ஜேர்மனியில் 1990ல் தொடங்கிய டெடோன் நிறுவனத்தின் இழை ஜேர்மனியில் தயாராகிறது. பின்னுவது பிலிப்பைன்சின் செபுவில். 2011ல் இந்தோனேசியா மூலப்பிரம்பின் ஏற்றுமதியைத் தடைசெய்ததும் இந்தக் காரணத்தால்தான்: காடு எமது, கூலியும் எமக்கு இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். கொம்பனிக் கப்பல் காலத்திலிருந்து வழக்கு இன்னும் முடியவில்லை.

புலம்பெயர்ந்த எமது முதல் வீடுகளின் கதிரைகள் பலவும் புறொக்கன்ஹவுசில் சில பிராங்குக்கு வாங்கியவை. அவற்றில் பிரம்பு அறுந்த கதிரைகள் எப்போதும் கிடந்தன, இன்றும் கிடக்கின்றன. திருத்தும் கூலி கதிரையின் விலையிலும் பலமடங்கு அதிகம் என்பதால்தான் அவை அங்கே வருகின்றன. ஒரு நாள் உழைப்புக்கு அதற்குரிய கூலியைக் கொடுக்கவேண்டி வந்ததும் அந்த ஆசனம் எவ்வளவு விலைகூடியது என்பது தெரியவருகிறது. இத்தனை காலமும் அது மலிவாயிருந்தது மொறாவியப் பெண்ணினதும், யெனிஷ் தாயினதும், பார்வையற்றவரினதும் கூலியில் பிடித்த மிச்சத்தால்.

கோப்பை கழுவியவர்களில் சிலர் இன்று உணவகங்களின் உரிமையாளர்கள். கதிரை வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே. எமது பிள்ளைகள் அந்த முற்றங்களில் தயக்கமின்றி அமர்ந்து கோப்பி குடிக்கிறார்கள், அதுவும் நல்லதே. ஆனால் அமர்வதற்கு இடம் கிடைத்ததும் நிற்பவரை மறந்துவிடுவது கதிரையோடு கூடவே வந்த பழைய பழக்கம். எமது உணவகங்களின் பின்பக்கத்தில் இன்று கோப்பை கழுவுபவர் எரித்திரியாவிலிருந்தோ ஆப்கானிஸ்தானிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். வேலை முடிந்ததும் அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போடுகிறோமா, நிற்கவைத்தே சம்பளத்தைக் கொடுக்கிறோமா என்பதில், இந்த வரலாற்றில் நாம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.